எந்த அலமாரியைக் கேட்பது?

பழைய உரையாசிரியர்களுக்கு ஒரு பழக்கம். சொல்லவந்த பொருளுக்குச் சான்றாக எங்கிருந்தோ ஒரு வரியை எடுத்து வைப்பார்கள். எந்த நூல் என்று சொல்லமாட்டார்கள். படிக்கிறவனுக்குத் தெரிந்திருக்கும் என்ற எண்ணம்தான். கும்பகோணம் கல்லூரியில் தமிழ் கற்பித்தபடியே 1880-களில் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க இறங்கிய உ.வே. சாமிநாதையருக்கு இந்தப் பழக்கம் வைத்த வேலை கொஞ்சமல்ல. அதற்கு நச்சினார்க்கினியர் எழுதிய உரை முழுக்க மேற்கோள் வரிகள். அவை வந்த நூல்களில் பல அப்போது அச்சேறியிருக்கவில்லை. சிலவற்றின் பெயரே படித்தவர்கள் பலருக்கு மறந்துபோயிருந்தது. வரி கையில் இருக்கிறது. நூல் எந்த மடத்தில், எந்த வீட்டுப் பரணில், எந்தச் சுவடிக்கட்டில் இருக்கிறது என்று தெரியாது. நிகண்டைப் புரட்டினால் சொல்லுக்குப் பொருள் கிடைக்கும், வரிக்கு முகவரி கிடைக்காது. கிடைத்த சுவடிகளையெல்லாம் முதல் ஏட்டிலிருந்து கடைசி ஏடு வரை படிப்பதும், வரிகளை நினைவில் ஏற்றிக்கொள்வதும், கண்டபோது குறித்துவைப்பதுமே வழி. சிந்தாமணி 1887-இல் வெளிவந்தது. பிறகு அவர் பதிப்பித்த பத்துப்பாட்டு (1889), புறநானூறு (1894) ஆகியவற்றின் வரிகளும் பழைய உரைகளின் மேற்கோள்களுக்குள் ஊர்பேர் தெரியாமல் கிடந்தவைதான்.

இன்று அந்த வரியில் இரண்டு சொல்லைத் தட்டினால் நூல், பாட்டு எண், அடி எண் எல்லாம் வந்து நிற்கும். இடையில் சும்மா வந்துவிடவில்லை இது. புறநானூற்றுக்கு வ.அய். சுப்பிரமணியம் ஆக்கிய சொல்லடைவு 1962-இல் கேரளப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. அந்தப் பத்தாண்டின் கடைசியில் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பழந்தமிழ் இலக்கியம் முழுவதற்கும் மூன்று தொகுதிகளில் ஒரு சொல்லடைவு போட்டது. 1990-களில் ஜெர்மனியில் தாமஸ் லெமானும் தாமஸ் மால்டனும் சங்கச் சொற்களைக் கணினியில் அடுக்கினார்கள். இப்போது மதுரைப் பேராசிரியர் ப. பாண்டியராஜா ஆக்கிய தொடரடைவு இணையத்தில் யாருக்கும் திறந்து கிடக்கிறது. ‘அந்தக் காலத்து உழைப்பு போயிற்றே’ என்று இதற்கு வருந்துகிறவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. சாமிநாதையருக்கு இந்த வசதி இருந்திருந்தால் மிச்சமான நாட்களில் இன்னும் சில நூல்களைப் பதிப்பித்திருப்பார்.

ஆனால் ‘இந்த வரி எங்கே வருகிறது’ என்பது ஒருவகைக் கேள்வி. விடை ஒன்றுதான், தேடவேண்டிய நூல்களும் எண்ணிக்கைக்குள் அடங்கியவை. இயந்திரத்துக்கு இதைவிடத் தோதான கேள்வி கிடையாது. ஆராய்ச்சியில் எழுகிற கேள்விகளில் பெரும்பாலானவை இந்த வகையில் சேராதவை. அவற்றில் ‘விடை என்ன’ என்பதற்கு முன்னால் ‘இதை யாரைக் கேட்பது’ என்ற இன்னொரு கேள்வி இருக்கிறது. அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள பெரிய வேறுபாடு, இந்த இரண்டாவது கேள்வியை எப்போது கேட்கிறோம் என்பதில்தான் என்று நினைக்கிறேன். அன்று தேடுவது கடினம். ஆகவே கால் எடுத்து வைக்கும் முன்பே கேட்டாக வேண்டியிருந்தது. இன்று தேடி முடித்த பிறகு கேட்கலாம். கேட்காமலும் விட்டுவிடலாம்.

தமிழில் பார்வை நூல்கள் வந்த வரிசையைப் பார்த்தால் இது விளங்கும். யாழ்ப்பாணத்தில் ஆ. முத்துத்தம்பிப்பிள்ளையின் ‘அபிதானகோசம்’ 1902-இல் வந்தது. ஆ. சிங்காரவேலு முதலியாரின் ‘அபிதான சிந்தாமணி’ பாண்டித்துரைத் தேவரின் துணையோடு மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் வழியாக 1910-இல் வந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் வேலை 1913-இல் தொடங்கி, 1924-க்கும் 1936-க்கும் இடையே ஆறு தொகுதிகளாக அச்சாயிற்று. அப்புறம் ஓர் அனுபந்தம். விடுதலைக்குப் பின் தமிழ் வளர்ச்சிக் கழகம் பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியம் கொண்டுவந்தது. 1992-இல் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி.

ஒரே அலமாரியில் வரிசையாக நிற்கின்றன என்பதற்காக இவை ஒரே வேலையைச் செய்பவை அல்ல. ஒரு முனிவர் யாருக்கு மகன், யாரைச் சபித்தார், அந்தக் கதைக்கு எத்தனை வடிவம் உண்டு என்றால் அபிதான சிந்தாமணியை மிஞ்ச இன்றும் ஆள் இல்லை. அதே புத்தகத்தில் ஒரு பல்லவ மன்னனின் காலத்தைத் தேடினால் ஏமாற்றம்தான். பழம் மரபு என்ன சொல்லிற்றோ அதைத் திரட்டித் தந்த நூல் அது. கல்வெட்டுகளை வைத்துச் சரிபார்ப்பது அதன் நோக்கமே அல்ல. லெக்சிகன் ஒவ்வொரு பொருளுக்கும் இலக்கிய மேற்கோள் காட்டும். அந்த மேற்கோள்தான் அச்சொல்லின் முதல் ஆட்சி என்று எடுத்துக்கொண்டு கட்டுரை எழுதியவர்கள் உண்டு. லெக்சிகன் அப்படி வாக்குக் கொடுக்கவில்லை. 1970-க்குப் பிறகு செய்தித்தாளில் புழங்கிய சொல்லை லெக்சிகனில் தேடுவதும், சங்கச் சொல்லைக் க்ரியாவில் தேடுவதும் வீண் வேலை.

கலைக்களஞ்சியத்தின் நிலை வேறு. அது வெளிவந்த காலத்தில் வியாழன் கோளுக்கு அறியப்பட்ட நிலாக்கள் 12. பதின்மூன்றாவது 1974-இல்தான் கண்டறியப்பட்டது. இன்று எண்ணிக்கை 90-ஐத் தாண்டிவிட்டது. ஆகவே வானியலுக்கு அந்தப் புத்தகம் உதவாது என்று ஒதுக்கிவிடலாமா? 1950-களில் ஒரு தமிழ் மாணவனுக்கு வானியல் எந்தச் சொற்களில், எந்த அளவில் கற்பிக்கப்பட்டது என்பது உங்கள் கேள்வியாக இருந்தால், அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது. பழைய புத்தகம் பொய்யாகிவிடுவதில்லை. அது விடை சொல்லும் கேள்வி மாறிவிடுகிறது.

இந்தத் தரம் பிரிக்கும் வேலையை ஒரு தொழிலாகவே ஆக்கியவர் நம் ஊர்க்காரர். சீர்காழியில் 1892-இல் பிறந்து, மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகி, இங்கிலாந்து போய் அத்துறையைப் படித்துத் திரும்பினார். நூலக அறிவியலின் ஐந்து விதிகள் 1931-இல் புத்தகமாயின. அடுக்கிவைத்தால் போதாது, வாசகனுக்கும் புத்தகத்துக்கும் நடுவே ஓர் ஆள் வேண்டும் என்பது அவர் கட்சி. அந்த ஆள் செய்யும் உதவியை அவர் இரண்டாகப் பிரித்தார். ஒன்று, பார்வை நூலைப் புரட்டிச் சில நிமிடங்களில் முடிந்துவிடுவது. மற்றது, மணிக்கணக்காக, சில சமயம் நாள்கணக்காக நீள்வது. முதல் வகைக்கு எந்தப் புத்தகம் என்று தெரிந்தால் போதும். இரண்டாவதற்கு, வந்தவர் உண்மையில் என்ன கேட்கிறார் என்பதே பேசிப் பேசித்தான் தெரியவரும்.

நல்ல நூலகர்கள் எதிர்க்கேள்வி போடுவார்கள். “மதுரையின் மக்கள்தொகை எவ்வளவு?” என்று கேட்டுப் பாருங்கள். “எந்த வருஷத்துக்கு சார்? மாவட்டமா, நகராட்சி எல்லையா, சுற்றுப்பகுதியும் சேர்த்தா? எதற்கு வேண்டும்?” கட்டுரைப் போட்டிக்கு என்றால் கலைக்களஞ்சியமே போதும். வழக்குக்கு என்றால் அந்த ஆண்டுக் குடிக்கணக்கின் மாவட்டக் கையேடு. நூறாண்டு மாற்றத்தை எழுதப்போகிறார் என்றால் 1868-இல் நெல்சன் எழுதிய மதுரை மாவட்ட நூலிலிருந்தும் 1871 குடிக்கணக்கிலிருந்தும் தொடங்கவேண்டும். நடுவில் மாவட்ட எல்லைகள் எப்போதெல்லாம் மாறின என்பதையும் பார்க்கவேண்டும். கேட்டவருக்கு எரிச்சலாக இருக்கும். ஆனால் அந்தச் சில நிமிடப் பேச்சிலேயே அவருடைய ஆராய்ச்சியில் பாதி முடிந்திருக்கும்.

அந்தக் காலத்தை மெச்சிக்கொண்டே போகவும் முடியாது. அந்த எதிர்க்கேள்வி கிடைக்க முதலில் சென்னையில் இருக்கவேண்டும். கன்னிமாராவுக்கோ பல்கலைக்கழக நூலகத்துக்கோ எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கோ போய் உட்காரப் பொழுதும் பஸ் காசும் வேண்டும். சில இடங்களில் துறைத்தலைவரின் கடிதமும் வேண்டும். பரமக்குடியிலிருந்து ஒரு மாணவி தன் ஊரைப் பற்றியே எழுதவேண்டுமானாலும் முந்நூறு மைல் வரவேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்தாருக்கு 1981-க்குப் பிறகு அதுவும் இல்லை. 97,000 நூல்கள் என்று கணக்குச் சொல்லப்படும் நூலகம் எரிந்துபோயிற்று. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், 2005-இல் தொடங்கிய நூலகம் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியாரின் திரட்டை வைத்து 1994-இல் சென்னையில் எழுந்த ஆராய்ச்சி நூலகம் ஆகிய எல்லாம் சேர்ந்து, பரமக்குடி மாணவியின் கைப்பேசிக்குள்ளேயே அலமாரிகளைக் கொண்டுவந்துவிட்டன. இது சின்னச் செய்தி அல்ல.

கொண்டுவந்தவை அலமாரிகள்தான். எந்த அலமாரி என்று கேட்கிற ஆள் வரவில்லை.

ஒரு வழக்கை எடுத்துக்கொள்வோம். சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்? மணிரத்னத்தின் படங்கள் 2022, 2023-இல் வந்த பிறகு தமிழ்நாட்டில் இதைத் தேடாத கைப்பேசி குறைவு. 1970-களில் இந்தக் கேள்வி ஒருவருக்கு எழுந்தால், அநேகமாகக் கல்கியின் நாவலைப் படித்து எழுந்திருக்கும். அது 1950 முதல் 1954 வரை தொடராக வந்த கதை. கதாசிரியர் விடையை மூடுமந்திரமாகவே வைத்துவிட்டார். அடுத்து அவர் உள்ளூர் நூலகத்தில் தி.வை. சதாசிவ பண்டாரத்தாரின் சோழர் வரலாற்றைக் கேட்பார். அது அண்ணாமலைப் பல்கலைக்கழக வெளியீடு, முதல் பகுதி 1949. அதில், உத்தம சோழன்மீது ஐயம் எழுப்பிய கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியாரோடு பண்டாரத்தார் உடன்படவில்லை என்பது தெரியும். சரி, சாஸ்திரியார் என்ன சொன்னார் என்று 1935-இல் வந்த ஆங்கிலச் சோழர் வரலாற்றைத் தேடவேண்டும். அது ஊர் நூலகத்தில் இராது. அடிக்குறிப்பு இன்னும் கீழே இறக்கும்: காட்டுமன்னார்கோயில் அருகே உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் கல்வெட்டு, 1920-ஆம் ஆண்டின் 577-ஆம் எண், ‘எபிகிராபியா இண்டிகா’ 21-ஆம் தொகுதியில் வாசகம் அச்சாகியிருக்கிறது.

கல்வெட்டை எடுத்தால் இன்னொரு வியப்பு. அது கொலை வழக்கின் தீர்ப்பு அல்ல. கொலைசெய்து துரோகிகளானவர்கள் என்று சோமன், இரவிதாசன், பரமேசுவரன் முதலானோரைச் சொல்லி, அவர்களுடைய உறவினரின் சொத்துக்களைக்கூடக் கைப்பற்றச் சொல்லும் அரச ஆணையும், அந்த நிலம் பின்பு கைமாறிய விவரமும் அதில் உள்ளன. மன்னன் பெயர்கூட இராசகேசரி என்றுதான் இருக்கிறது. அது இராசராசன் என்பது ஆய்வாளர்களின் முடிவு. கொன்றவர்கள் யார் என்பதற்கு விடை உண்டு, தூண்டியவர் யார் என்பதற்கு இல்லை.

அந்தப் பழைய வாசகர் இவ்வளவு தூரம் வர மாதக்கணக்கில் ஆகியிருக்கும். பலர் பாதியிலேயே விட்டிருப்பார்கள். ஆனால் வந்தவர் ஒவ்வொரு படியிலும் ஒரு வாசலைத் தாண்டினார். நாவல் வாடகை நூலகத்தில், வரலாறு பொது நூலகத்தில், கல்வெட்டுத் தொகுதி பல்கலைக்கழகத்தில், இரவல் தராத பிரிவில். கட்டடமே மாறியதால், கதை எங்கே முடிந்து வாதம் எங்கே தொடங்கிற்று, வாதம் எங்கே முடிந்து சான்று எங்கே தொடங்கிற்று என்பது தானாகவே தெரிந்தது. இன்று ஒரே தேடலில் நாவலின் சுருக்கம், பட விமர்சனம், யூடியூப் ஆசாமியின் ‘அதிர்ச்சி உண்மை’, பண்டாரத்தார் நூலின் மின்பதிப்பு, கல்வெட்டின் வாசகம் எல்லாம் ஒரே எழுத்துருவில், ஒரே அகலத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக வருகின்றன. கல்வெட்டு வாசகம் பெரும்பாலும் ஏழாவதோ எட்டாவதோ இடத்தில். அது அங்கே இருப்பதே பெரிய பேறு, மறுக்கவில்லை. ஆனால் மேலே இருக்கும் ஏழும் வேறு சாதிச் சரக்கு என்று திரை சொல்லாது.

திரை மறைக்கும் இன்னொன்று ஆண்டு. எட்கர் தர்ஸ்டனின் சாதிகள், பழங்குடிகள் பற்றிய ஏழு தொகுதிகள் 1909-இல் வந்தவை. காலனி அதிகாரியின் கண்ணோடு எழுதப்பட்டவை. அவற்றின் ஸ்கேன் போன வருடம் பதிவேற்றப்பட்டிருந்தால், போன வருடத் தேதியோடுதான் கண்ணில் படும். நூலகத்தில் அந்தத் தொகுதியை எடுத்தவனுக்கு அட்டையின் நிறமும் தாளின் பொடிப்பும் புத்தகத்தின் வயதைச் சொல்லிவிடும். திரையில் அந்தத் தாள் புத்தம்புதிதாக மின்னுகிறது. அதிலுள்ள கருத்தும் புதிதுபோலவே மேற்கோளாகிறது.

முதற்பதிப்புத் தேடுகிறவர்களுக்கு இது தனித் துன்பம். நம் பதிப்பகங்களில் ஒரு வழக்கம் உண்டு: 1930-இல் வந்த நூலைப் புதிதாக ஒருவர் அச்சிட்டால், உள்பக்கத்தில் ‘முதற்பதிப்பு’ என்று தாம் அச்சிட்ட ஆண்டையே போட்டுவிடுவார். அதுவே இணையப் பட்டியலில் ஏறி, அங்கிருந்து கட்டுரைகளில் ஏறி, நூலின் பிறந்தநாள் ஆகிவிடும். இந்தக் கேள்விக்குச் சரியான அலமாரி எப்போதும் வேறு. 1865-க்கு முன்பு என்றால் ஜான் மர்டாக் அந்த ஆண்டு வெளியிட்ட தமிழ் அச்சுநூல் பட்டியல். 1867-ஆம் ஆண்டு அச்சகச் சட்டத்துக்குப் பின் என்றால் அரசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிட்ட பதிவு நூல்களின் பட்டியல். அதில் அச்சகம், பக்கம், விலை, எத்தனை பிரதி என்பதுவரை இருக்கும். 1954-ஆம் ஆண்டு நூல் ஒப்படைப்புச் சட்டத்துக்குப் பின் என்றால் கன்னிமாரா. பதிப்பு வரலாறு எழுதுகிறவர்கள் இன்றும் நேரே அந்தப் பட்டியல்களுக்குத்தான் போகிறார்கள்.

தேடுபெட்டியிலும் தமிழுக்கு உரிய தொல்லைகள் உண்டு. புணர்ச்சி என்ற ஒன்று இருக்கிறதே. ‘கடல்’ என்று தட்டினால் ‘கடற்கரை’ வராமல் போகலாம்; ‘பொன்’ என்று தட்டினால் ‘பொற்கொடி’ வராது. கையால் சொல்லடைவு செய்தவர்கள் இவற்றை ஒரு தலைச்சொல்லின்கீழ் கொண்டுவந்து வைத்தார்கள். இயந்திரம் படம் பார்த்து எழுத்தை உணரும்போது, பழைய அச்சின் ஒற்றைக்கொம்பையும் இரட்டைக்கொம்பையும், காலையும் ரகரத்தையும் குழப்பிக்கொள்ளும். இதனால், ‘தேடினேன், இல்லை’ என்பது ‘அந்த நூலில் இல்லை’ என்பதற்குச் சமம் ஆகாது. ஒரு சொல் ஓர் ஆசிரியரிடம் வரவே இல்லை என்று நிறுவ விரும்புகிறவர் இன்னமும் பக்கம் பக்கமாகப் படிக்கத்தான் வேண்டும். அந்த இடத்தில் சாமிநாதையரின் காலமும் நம் காலமும் ஒன்றே.

இப்போது பேசும் இயந்திரங்களும் வந்துவிட்டன. கேட்டதும் பதில், கேட்டால் ஆதாரமும். நூற்பெயர், ஆசிரியர், பக்க எண் எல்லாம் திருத்தமாகத் தரும். சில வேளை அப்படி ஒரு நூலே இராது. 2023-இல் நியூயார்க்கில் இரண்டு வழக்கறிஞர்கள் இப்படிக் கிடைத்த, நடக்கவே நடக்காத வழக்குகளை நீதிமன்றத்தில் மேற்கோள் காட்டி அபராதம் கட்டினார்கள். என் பார்வையில் இவை பயன்படுவது வேறு இடத்தில். ‘இந்தக் கேள்விக்கு எந்தெந்த வகை நூல்களைப் பார்க்கவேண்டும்?’ என்று கேட்டால் ஓரளவு நல்ல நூலகர்போலப் பேசுகின்றன. விடையைக் கேட்காமல் வழியைக் கேட்டால், தவறினாலும் நாம் போய்ப் பார்க்கும்போது தெரிந்துவிடும்.

கல்வெட்டுத் துறைக்குத் திரும்பிவருகிறேன். அங்கேதான் இந்த வழிகள் இன்னமும் மாறாமல் கிடக்கின்றன. ஊர்வாரியாக எங்கே என்ன கல்வெட்டு உண்டு என்பதற்கு 1919-இல் வி. ரங்காசாரி மூன்று தொகுதிகளில் செய்த பட்டியல். ஒவ்வொன்றின் சாரமும் ஆண்டறிக்கைகளில், 1887-இலிருந்து. முழு வாசகம் 1890-இல் தொடங்கிய ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ தொகுதிகளில். கல்வெட்டில் இருக்கும் கிழமை, நட்சத்திரம், திதியை ஆங்கிலத் தேதியாக்க எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளையின் பஞ்சாங்கக் கணிதம், 1922. இராசராசன் 985-ஆம் ஆண்டு ஜூன் 25-க்கும் ஜூலை 25-க்கும் இடையே ஒருநாள் ஆட்சிக்கு வந்தான் என்று கீல்ஹார்ன் கண்டுபிடித்தது இப்படிப்பட்ட கணக்கில்தான். சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களை நொபொரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் தோரு மட்சுயியும் அடைவாக்கி 1978-இல் மதுரையில் அச்சிட்டார்கள். இவற்றில் பெரும்பாலானவை இன்று இணையத்தில் கிடைக்கின்றன. கணக்குப் போட மென்பொருளும் இருக்கிறது.

ஆனால் ஆண்டறிக்கையில் இரண்டு வரிச் சாரம் மட்டும் வந்து, முழு வாசகம் இன்றுவரை அச்சேறாத கல்வெட்டுகள் ஏராளம். அந்த இரண்டு வரி, நூறாண்டுக்கு முன் ஓர் அலுவலர் தமக்கு முக்கியம் என்று பட்டதை ஆங்கிலத்தில் எழுதியது. கோயிலுக்கு நிலம் கொடை என்று முடித்திருப்பார். நிலத்தின் எல்லையில் எந்த வாய்க்கால், விற்றவள் யார் மகள், சாட்சி போட்டவர்களில் தச்சர் உண்டா என்பதெல்லாம் உங்கள் கேள்வியாக இருந்தால், சாரத்தை மேற்கோள் காட்டுவதில் பயனில்லை. கோயிலுக்குப் போனால் சுவரில் மணல்வீச்சு அடித்தோ திருப்பணியில் கல்லை மாற்றியோ எழுத்து போயிருக்கும். மிஞ்சியது மைப்படி ஒன்றுதான். கல்வெட்டுத் துறையின் அலுவலகம் 1966-இல் உதகமண்டலத்திலிருந்து மைசூருக்குப் போனபோது படிகளும் போயின. அண்மை ஆண்டுகளில் தமிழ்ப் படிகளில் ஒரு பகுதி சென்னைக்குத் திரும்பியிருக்கிறது. பார்க்க விரும்புகிறவர் விண்ணப்பத்தில் அறிக்கையின் ஆண்டையும் கல்வெட்டின் எண்ணையும் எழுதவேண்டும். அந்த எண் ரங்காசாரியின் பட்டியலில் இல்லாவிட்டால் ஆண்டறிக்கைகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்ப்பதுதான்.